ஆகாசவாணிக்கு ராகம் தந்த அகதி

விடிவதற்கு முன்பே ரேடியோப் பெட்டியைத் திருப்பும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த இசை நன்றாகத் தெரியும். முதலில் தம்புராவின் சுருதி எழும். அதன்மேல் பிடில் ஒன்று சின்னஞ்சிறு மெட்டு ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். பிறகு வந்தே மாதரம். அதன் பிறகே நிகழ்ச்சிகள் தொடங்கும்.

சென்னை நிலையமாக இருந்தாலும், திருச்சியாக இருந்தாலும், ஐதராபாத்தாக இருந்தாலும் இந்த அடையாள இசை ஒன்றேதான். ரயில்வே உத்தியோகத்துக்காகவும் ராணுவ அலுவலக வேலைக்காகவும் சொந்த ஊரை விட்டு வந்து செகந்திராபாத் மாரெட்பள்ளியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்குக் கடைப் பலகையின் எழுத்து மாறியது. அண்டை வீட்டுப் பேச்சு மாறியது. பஸ் கண்டக்டரின் குரல் மாறியது. காலையில் ரேடியோவில் எழும் இந்த இசை மட்டும் மாறவில்லை.

இதை அமைத்தவர் தமிழரா, வங்காளியா, மராத்தியரா என்று கேட்டால், மூவரும் இல்லை. அவர் பெயர் வால்ட்டர் காஃப்மன். ஐரோப்பாவில் பிறந்த யூதர். மேனாட்டு ஆர்க்கெஸ்ட்ராவையும், ஆபரா எனப்படும் இசை நாடகத்தையும் நடத்தும் தொழிலில் தேர்ந்தவர். ஊரில் வாழ வழியில்லாமல் போனபோது பம்பாய்க்கு வந்து 12 ஆண்டுகள் தங்கினார். வந்த இடத்துச் சங்கீதம் முதலில் அவருக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை. பிடிபடாததை அவர் இகழவில்லை, உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அவருடைய வாழ்க்கையின் சாரம் அதுதான்.

வெந்நீர் ஊற்று நகரம்

காஃப்மன் 1907-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்தார். அப்போது அந்த ஊர் ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்தைச் சேர்ந்தது. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு செக்கோஸ்லோவாகியாவில் சேர்ந்தது. இப்போது கார்லோவி வாரி என்ற பெயரில் செக் குடியரசில் இருக்கிறது. பூமிக்கு அடியிலிருந்து வெந்நீர் ஊற்றுகள் பொங்கும் ஊர் அது. நம்மவர்கள் சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போவது போல, ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் அந்த ஊற்று நீரைக் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள அங்கே வருவார்கள். வருகிறவர்களின் பொழுதுபோக்குக்காகப் பாட்டும் நாடகமும் அங்கே குறைவில்லாமல் நடக்கும்.

காஃப்மன் குடும்பம் ஜெர்மன் மொழி பேசிய யூதக் குடும்பம். மகன் இசை படிக்க பெர்லினுக்குப் போனார். அங்கே அரசாங்க இசைக் கல்லூரியில் அவருக்கு இரண்டு பெரிய ஆசிரியர்கள் கிடைத்தார்கள். ஒருவர் ஃபிரான்ஸ் ஷ்ரேக்கர். ஆபராக்கள் எழுதிப் பெயர் பெற்றவர். இன்னொருவர் கர்ட் ஸாக்ஸ். உலகத்து வாத்தியங்களை எல்லாம் வகைப்படுத்தும் முறையை ஹார்ன்போஸ்டல் என்பவருடன் சேர்ந்து 1914-ல் வகுத்தவர். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என்று நம் முன்னோர் பிரித்த பிரிவுக்கு மிக நெருக்கமானது அந்த முறை. இந்தியா, இந்தோனேசியா நாடுகளின் வாத்தியங்களைப் பற்றியே ஸாக்ஸ் 1915-ல் ஒரு புத்தகம் எழுதினார். கிழக்கு நாட்டுச் சங்கீதம் என்று ஒன்று இருக்கிறது, அது படிப்பதற்கு உரியது என்ற எண்ணம் இளைஞர் காஃப்மனுக்கு அவரிடம்தான் உண்டாயிற்று.

கோல் பிடிக்கும் தொழில்

நம் கச்சேரியில் பாடகர் நடுவில் உட்காருவார். பிடில்காரரும் மிருதங்கக்காரரும் அவரை அனுசரித்து வாசிப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே எல்லாம் நடந்துவிடும். மேனாட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் அது நடக்காது. அங்கே 60 பேர், 80 பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஒரே நேரத்தில் பிடில்காரர் வாசிப்பது ஒன்று, குழல் ஊதுகிறவர் வாசிப்பது வேறு, முரசு அடிப்பவர் பாட்டுக்குப் பாட்டு பல நிமிஷம் சும்மா இருப்பார். அவரவர் எதிரில் அவரவருக்கு உரிய தாள் மட்டும் இருக்கும். இத்தனையையும் ஒரே நொடியில் பொருந்தச் செய்ய ஒருவர் கையில் சிறு கோலுடன் நடுவே நிற்கிறார். அவர் எந்த வாத்தியத்தையும் வாசிப்பதில்லை. எல்லாருடைய பாடமும் அவர் தலைக்குள் இருக்க வேண்டும்.

ஆபரா இன்னும் கடினம். கதை முழுவதும், அல்லது பெரும் பகுதி, பாட்டாகவே நடக்கும். அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தையும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மேடையையும் நினைத்துக்கொண்டால் ஓரளவு விளங்கும். மேடைக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கும். நடத்துநரின் ஒரு கண் மேடைப் பாடகர்மேல், ஒரு கண் வாத்தியக்காரர்கள்மேல் இருக்க வேண்டும். இந்த வேலையைக் காஃப்மன் இருபது வயதை ஒட்டியே பெர்லின், கார்ல்ஸ்பாட், எகர் ஆகிய ஊர்களின் அரங்குகளில் செய்து பழகினார்.

பட்டம் வேண்டாம் என்றவர்

பிராக் நகரில் இருந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்திலும் அவர் இசை ஆராய்ச்சி செய்தார். குஸ்தாவ் மாலர் என்ற இசைமேதையைப் பற்றி ஆய்வுரை எழுதி முடித்தார். டாக்டர் பட்டம் வாங்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில், தமக்குப் பட்டம் தர வேண்டிய பேராசிரியர் குஸ்தாவ் பெக்கிங் நாஜி இயக்கத்தோடு சேர்ந்தவர் என்பது காஃப்மனுக்குத் தெரிய வந்தது. அப்படிப்பட்டவர் கையால் பட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்.

ஒரு பட்டத்துக்காக வருஷக்கணக்கில் இரவுப் படிப்பு படிப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். கையெட்டும் தூரத்தில் இருந்ததை வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு மன உறுதி வேண்டும் என்பதும் தெரியும். காஃப்மன் பிற்காலத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியராக ஆனார். புத்தகங்கள் பல எழுதினார். ஆனால் அந்தப் பட்டத்தைப் பிராகில் வாங்காமலே விட்டார்.

1933 ஜனவரியில் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். யூதர்கள் அரங்குகளிலிருந்தும் கல்லூரிகளிலிருந்தும் விரட்டப்பட்டார்கள். ஷ்ரேக்கர் அதற்கு முன்பே கல்லூரிப் பதவியை இழந்திருந்தார், 1934-ல் இறந்துபோனார். ஸாக்ஸ் வேலை இழந்து பாரிசுக்கும், பிறகு அமெரிக்காவுக்கும் போனார். பெர்லினில் யூத நடத்துநர் ஒருவர் கோல் பிடிக்க இனி வழியில்லை என்பது தெளிவாகிவிட்டது.

பம்பாய் வந்த கப்பல்

1934-ம் ஆண்டு பிப்ரவரியில் காஃப்மன் கப்பலில் பம்பாய் வந்து இறங்கினார். வயது 26. கிழக்கு நாட்டுச் சங்கீதத்தில் ஆர்வம் இருந்தது உண்மை. இந்தியாவுக்கு விசா எளிதாகக் கிடைத்ததும் ஒரு காரணம். கொஞ்ச காலம் இருந்து பார்க்கலாம் என்றே வந்தார். அந்தக் கொஞ்ச காலம் 12 ஆண்டுகளாக நீண்டது.

முற்றிலும் தெரியாத ஊர் என்று சொல்ல முடியாது. மோகன் பவ்னானி என்ற சினிமா டைரக்டரின் அறிமுகம் அவருக்கு இருந்தது. பவ்னானி ஜெர்மனியில் சினிமாத் தொழிலைப் பயின்று வந்தவர். இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தைப் பம்பாய்க்கு அழைத்து, மில் தொழிலாளர் வாழ்க்கையை வைத்து ஒரு படம் எடுத்து, அது தணிக்கையில் சிக்கித் தடை செய்யப்பட்டதும் இதே பவ்னானியின் படம்தான். அவருடைய படங்களுக்குக் காஃப்மன் இசை அமைத்துக் கொடுத்தார்.

காஃப்மனின் மனைவி கெர்ட்டி, ஃபிரான்ஸ் காஃப்காவின் சகோதரி மகள். காஃப்கா பிராக் நகரில் தொழிலாளர் விபத்து இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே இரவில் கதை எழுதியவர். 1924-ல் காலமானார். இன்று உலகம் முழுவதும் படிக்கப்படும் அந்த எழுத்தாளரின் மருமகள், பம்பாயில் ஓர் இசைக்காரரின் மனைவியாகக் குடித்தனம் நடத்தினார்.

குறை யாரிடம்?

வந்த புதிதில் காஃப்மன் இந்தியச் சங்கீத இசைத்தட்டுகளைக் கேட்டார். ஒன்றும் புரியவில்லை. பல குரலும் பல வாத்தியமும் அடுக்கடுக்காக ஒலிக்கும் சங்கீதத்தில் வளர்ந்த காது அது. இங்கே ஒரே குரல், ஒரே ராகம், மணிக்கணக்கில். ஸ்வரங்கள் நேர்க்கோட்டில் நிற்காமல் அசைந்தும் வளைந்தும் போயின. இது சங்கீதமா என்ற சந்தேகம் அவருக்கு வந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த நாளில் இங்கே இருந்த வெள்ளைக்காரர்கள் பலர் அந்தச் சந்தேகத்தோடு நின்றுவிட்டார்கள். கிளப்பில் உட்கார்ந்து கேலி பேசியவர்களும் உண்டு.

காஃப்மன் வேறு விதமாக யோசித்தார். இதை உருவாக்கியவர்களும் மனமும் அறிவும் உள்ள மனிதர்களே. கோடிக்கணக்கானவர்கள் இதைக் கேட்டு உருகுகிறார்கள். அப்படியானால் குறை சங்கீதத்தில் இருக்க முடியாது, தம்முடைய காதில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். அந்தக் குறை தீரும்வரை இங்கேயே இருந்து படிப்பது என்று தீர்மானித்தார். பிற்காலத்தில் தம் நினைவுகளைக் கடிதத்தில் எழுதும்போது அவரே இதைத் தெரிவித்திருக்கிறார்.

கற்றுக்கொள்வதோடு, தமக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குக் கொடுக்கவும் செய்தார். வந்த சில மாதங்களிலேயே பம்பாய் சேம்பர் மியூசிக் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினார். நாலைந்து பேர் உட்கார்ந்து வாசிக்கும் சிறு கச்சேரி அது. வில்லிங்டன் ஜிம்கானாவில் ஒவ்வொரு வியாழக்கிழமையும் நடக்கும். காஃப்மன் பியானோ வாசிப்பார். முதல் பிடில் மெஹ்லி மேத்தா என்ற பார்சி இளைஞர். 1937-ம் ஆண்டு மே மாதத்துக்குள் 136 கச்சேரிகள் நடந்துவிட்டன. மெஹ்லி மேத்தா 1935-ல் பம்பாய் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். உலகப் பிரசித்தி பெற்ற நடத்துநர் ஜுபின் மேத்தா அவருடைய மகன்தான்.

ரேடியோவில் வேலை

இந்திய அரசின் ஒலிபரப்பு ஸ்தாபனத்துக்கு 1936 ஜூனில் அகில இந்திய ரேடியோ என்ற பெயர் வந்தது. சென்னை நிலையம் 1938-லும், திருச்சி நிலையம் 1939-லும் திறக்கப்பட்டன. ஐதராபாத்தில் அப்போது நிஜாம் அரசின் டெக்கான் ரேடியோ தனியாக நடந்துகொண்டிருந்தது. அது 1950-ல்தான் அகில இந்திய ரேடியோவோடு சேர்ந்தது. புதிய ஸ்தாபனத்தின் மேனாட்டு இசைப் பிரிவுகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். டில்லியில் ஜான் ஃபோல்ட்ஸ் என்ற ஆங்கிலேய இசை மேதை அந்தப் பொறுப்பை ஏற்று, இந்திய வாத்தியங்களை வைத்தே ஒரு கோஷ்டியை உருவாக்கிப் பார்த்தார். கல்கத்தாவுக்கு மாற்றலாகிப் போன சில நாளில், 1939 ஏப்ரலில், காலரா கண்டு அவர் இறந்துபோனார். பம்பாய் நிலையத்தில் அதே பொறுப்பு காஃப்மனுக்குக் கிடைத்தது. 1937-லிருந்து 1946 வரை அவர் அந்த வேலையில் இருந்தார்.

ரேடியோவின் அடையாள இசை அந்தக் காலத்தில் பிறந்தது. அதை அமைத்தவர்கள் என்று வேறு சிலர் பெயரும் சொல்லப்படுவதுண்டு. பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டது காஃப்மன் பெயரைத்தான். பிடில் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்றும் கூறப்படுகிறது. ராகம் சிவரஞ்சனி. கரஹரப்பிரியாவில் பிறந்து, ஸ, ரி, க, ப, த என்ற ஐந்தே ஸ்வரங்களில் சஞ்சரிக்கும் ராகம். மத்தியமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. கொஞ்சம் பிடித்தாலே மனம் இளகிவிடும்.

அந்தச் சில விநாடி இசையைக் கவனித்துக் கேட்டால் ஒரு விஷயம் புலப்படும். அடுக்கடுக்காகச் சுருதி சேர்க்கும் மேனாட்டு முறையை அதில் காணோம். கீழே தம்புரா, மேலே ஒற்றை மெட்டு. நம் முறையே அது. அதே சமயம் மெட்டின் அமைப்பு மேனாட்டுப் பாணியில், அளவு பிசகாமல், தொடக்கமும் முடிவும் திட்டமாக இருக்கும். இரண்டு சங்கீதத்தையும் ஒன்றோடு ஒன்று மோதவிடாமல் உட்கார வைக்க, இரண்டையும் உள்ளே போய்ப் பார்த்தவரால்தான் முடியும்.

1938-ல் பம்பாய் நிலையத்தின் மூலம் அனசூயா என்ற ரேடியோ ஆபராவையும் அவர் ஒலிபரப்பினார். மேடையும் திரையும் இல்லாமல், காதால் மட்டுமே கேட்க வேண்டிய இசை நாடகம். நம் புராணக் கதைப் பெயரில் ஓர் ஐரோப்பியர் ஆபரா எழுதிய காலம், இந்திய ரேடியோ நடக்கக் கற்றுக்கொண்டிருந்த காலம்.

காட்டுப் பாடல்கள்

வித்துவான்களின் சங்கீதத்தோடு அவர் நிற்கவில்லை. கோண்டு, பைகா ஆகிய மலைவாழ் மக்களின் பாடல்களைத் திரட்டி, ஸ்வரப்படுத்தி, 1941-ல் அமெரிக்க இசைப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதினார். பஸ்தார் காடுகளில் வாழும் கோண்டு மக்களின் பாடல்களைப் பற்றிய இன்னொரு கட்டுரை 1960-ல் வெளிவந்தது. ஐதராபாத்துக்கு வடக்கே ஆதிலாபாத் காடுகளில் வாழும் கோண்டுகளும் அதே இனத்தாரே. எழுத்து வடிவம் இல்லாத பாட்டுக்கும் இலக்கணம் உண்டு என்பதை, இலக்கணம் படித்த ஒருவர் மெனக்கெட்டுக் காட்டினார்.

தாமே இயற்றிய இசையிலும் இந்திய ராகங்கள் கலந்தன. 1943-ல் இந்திய சிம்பனி என்ற ஒன்றை எழுதினார். நவரத்தினம் என்ற பெயரிலும் ஒன்று உண்டு. 1948-ல் வந்த ஒரு சிறு ஆர்க்கெஸ்ட்ரா உருப்படிக்கு அவர் வைத்த பெயர் தமிழர்களுக்குச் சிரிப்பூட்டும்: மெட்ராஸ் எக்ஸ்பிரஸ்! நம் ஊருக்குப் போகும் ரயிலின் பெயர் பாஸ்டன் நகர மேடைவரை போயிற்று.

பின்னால் நின்றுவிட்டவர்கள்

1938 இலையுதிர் காலத்தில் கார்ல்ஸ்பாட் உட்பட செக்கோஸ்லோவாகியாவின் எல்லைப் பகுதி ஹிட்லருக்குத் தாரை வார்க்கப்பட்டது. அடுத்த மார்ச்சில் பிராக் நகரமும் விழுந்தது. திரும்பிப் போக ஊர் இல்லாமல் போயிற்று. லீவு கிடைத்தால் ஊருக்குப் போகலாம் என்ற நினைப்பிலேயே நாளை ஓட்டுகிறவர்களுக்கு, போவதற்கு ஊரே இல்லை என்ற நிலை எப்படி இருக்கும் என்பது விளங்கும்.

தப்பிக்க முடிந்த சிலருக்குப் பம்பாய் புகலிடம் ஆயிற்று. பிராக் நகரத்து எழுத்தாளர் வில்லி ஹாஸ் 1939-ல் பவ்னானியின் சினிமாக் கம்பெனியில் வேலை கிடைத்துப் பம்பாய் வந்து சேர்ந்தார். கதை வசனம் எழுதிப் பிழைத்தார்.

எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமையவில்லை. காஃப்காவின் சகோதரிகள் மூவரும் நாஜிகளிடம் சிக்கி மாண்டார்கள். மூத்தவர் எல்லி 1941-ல் போலந்தின் லோட்ஸ் நகர யூதச் சேரிக்குக் கொண்டுபோகப்பட்டார், திரும்பி வரவில்லை. கெர்ட்டியின் தாயார் அவர், காஃப்மனுக்கு மாமியார். ரேடியோவில் மாலைக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்தவரின் வீட்டுக்குள் இருந்த துயரம் இது.

யுத்த காலத்தில் அரசாங்கச் செய்திப்படங்களை எடுத்த இன்ஃபர்மேஷன் ஃபிலிம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கும் காஃப்மன் இசை அமைத்தார். யுத்தம் முடிந்தது. 1946-ல் இந்தியாவை விட்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். அங்கிருந்து கனடா.

பனி தேசத்தில் பத்தாண்டு

1948-ல் கனடாவின் வினிபெக் நகரில் புதிதாக அமைந்த சிம்பனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு முதல் இசை நடத்துநராக அவர் நியமிக்கப்பட்டார். குளிர்காலத்தில் தண்ணீர் உறையும் அளவுக்கு வெகு கீழே வெப்பம் இறங்கும் ஊர். பம்பாய் வெயிலிலிருந்து அங்கே போய் நின்றார்.

அந்த ஊரும் குடியேறிகளின் ஊர்தான். 1890-களிலிருந்து உக்ரேன் நாட்டுக் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் கனடாவின் புல்வெளிகளுக்கு வந்து, நிலம் திருத்திக் கோதுமை பயிரிட்டார்கள். வினிபெக் அவர்களுடைய பெரிய கேந்திரம். உக்ரேனின் கீவ் நகர ஆபராவில் கோல் பிடித்த அலெக்சாந்தர் கோஷெட்ஸ் தம் கடைசி நாட்களைக் கழித்ததும் அங்கேதான். 1919-ல், தங்கள் நாடு இருப்பதை உலகம் அறிய வேண்டும் என்று உக்ரேனியக் குடியரசு அவர் தலைமையில் ஒரு பாடகர் குழுவை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. அந்தக் குழு ஐரோப்பா முழுவதும் பாடி, 1922-ல் நியூயார்க்கில் கார்னகி மண்டபத்திலும் பாடியது. அவர்கள் பாடிய நாட்டுப்புற மெட்டு ஒன்று இன்று ஆங்கிலக் கிறிஸ்துமஸ் பாட்டாக உலகெங்கும் ஒலிக்கிறது. இதற்குள் குடியரசே வீழ்ந்துவிட்டது. கோஷெட்ஸ் நாடு திரும்பவில்லை. குடியேறிகளின் பிள்ளைகளுக்குக் கோடைக்கால வகுப்பில் தாய்நாட்டுப் பாட்டைச் சொல்லிக்கொடுத்து, 1944-ல் வினிபெக்கில் காலமானார்.

நான்கு ஆண்டு கழித்துக் காஃப்மன் அங்கே வந்தார். ஒருவர் சொந்த நாட்டுப் பாட்டை அந்நிய மண்ணில் காப்பாற்றினார். மற்றவர் அந்நிய நாட்டுச் சங்கீதத்தைச் சொந்தமாக்கிக்கொண்டு வந்தார். ஊரை விட்டுப் போகிறவர்கள் செய்யக்கூடிய நல்ல காரியங்கள் இந்த இரண்டும்தான்.

வினிபெக்கில் பத்தாண்டு காலம் அவர் ஆர்க்கெஸ்ட்ராவை வளர்த்தார். அந்த ஊர் நாட்டியக் குழுவுக்கு 1949-ல் இசை அமைத்துக் கொடுத்தார். 1954-ல் ஏற்பட்ட தீயில் அந்த நாட்டியக் குழுவின் உடைகளும் திரைகளும் ஏடுகளும் எரிந்து போயின. கெர்ட்டியுடன் மணவாழ்வு முறிந்தது. அந்த ஊரைச் சேர்ந்த பியானோ கலைஞர் ஃப்ரீடா ட்ரெபெல் அவருடைய இரண்டாவது மனைவி ஆனார்.

குமாஸ்தாவின் கோட்டு

அவர் எழுதிய ஆபராக்களில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். உக்ரேனில் பிறந்த கோகல் எழுதிய புகழ்பெற்ற கதை அதற்கு ஆதாரம். சர்க்கார் ஆபீசில் நகல் எடுக்கும் ஏழைக் குமாஸ்தா ஒருவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் புது மேல்கோட்டு ஒன்று தைத்துக்கொள்கிறார். போட்டுக்கொண்ட முதல் நாளே திருடர்கள் அதைப் பறித்துக்கொள்கிறார்கள். முறையிடப் போன இடத்தில் பெரிய அதிகாரி அதட்டி அனுப்புகிறார். குளிரும் அவமானமும் சேர்ந்து அவர் உயிரைக் குடிக்கின்றன. காஃப்மன் இந்த ஆபராவை 1933-ல் தொடங்கினார். ஐரோப்பா, இந்தியா, கனடா என்று மூன்று கண்டம் மாறி, 1950-ல்தான் அதை முடித்தார். பெட்டியோடு பெட்டியாக அந்தக் குமாஸ்தாவையும் 17 ஆண்டுகள் அவர் சுமந்து திரிந்திருக்கிறார்.

ராகங்களின் கணக்கு

1957-ல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. புளூமிங்டன் என்ற சிற்றூரில் 1977 வரை பாடம் நடத்தினார். 1961-ல் அங்கே அவருடைய ஆபரா ஒன்று அரங்கேறியது. 1964-ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

பம்பாயில் தொடங்கிய படிப்புக்குப் பலன் இங்கே விளைந்தது. கிழக்கு நாடுகளின் ஸ்வரக் குறிப்பு முறைகளைப் பற்றி 1967-ல் ஒரு புத்தகம். வட இந்திய ராகங்களைப் பற்றி 1968-ல் ஒரு பெரிய புத்தகம். திபெத்திய மடங்களின் ஓதல் முறை பற்றி 1975-ல் ஒன்று. 1976-ல் தென்னிந்திய ராகங்களுக்கு என்றே ஒரு நூல். வேங்கடமகி 17-ம் நூற்றாண்டில் வகுத்த 72 மேளக் கட்டத்தை அடிப்படையாகக் கொண்டு, ஒவ்வொரு தாய் ராகத்துக்கும் அதன் பிள்ளை ராகங்களுக்கும் ஆரோகணம், அவரோகணம் கொடுத்து, மேனாட்டு இசைக் குறியில் வரிசைப்படுத்தினார். சிவன் கோயில் வாசலையோ மார்கழிக் கச்சேரியையோ அறியாத அமெரிக்க மாணவனும் கரஹரப்பிரியாவுக்கும் கல்யாணிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பக்கம் புரட்டிப் பார்க்க அதனால் வழி பிறந்தது.

1934-ல் இசைத்தட்டைக் கேட்டு ஒன்றும் புரியாமல் விழித்தவர், 42 ஆண்டுகள் கழித்து எழுதிய நூல் இது. கற்றுக்கொள்வதற்கு வயது வரம்பும் இல்லை, ஊர் வரம்பும் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

பெயர் மறந்தது, இசை நின்றது

காஃப்மன் 1984-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி புளூமிங்டனில் காலமானார். வயது 77. அவருடைய கையெழுத்துப் பிரதிகள் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சொந்த நாட்டில் நாஜிகள் அவருடைய இசையை ஒலிக்கவிடவில்லை. வந்த நாடுகளில் அவரை ஆசிரியர் என்றும் நடத்துநர் என்றும் மதித்தார்கள். அவர் இயற்றியவற்றை வாசிப்பவர் குறைந்துபோனார்கள். 2020-ல் கனடாவின் டொரன்டோ நகரிலுள்ள ஏ.ஆர்.சி. இசைக் குழு, பம்பாய்க் காலத்து உருப்படிகள் உட்பட அவருடைய இசை சிலவற்றைப் பதிவு செய்து வெளியிட்டது. நாடிழந்த இசைக்காரர்களின் படைப்புகளைத் தேடி எடுத்து வாசிப்பதே அந்தக் குழுவின் முக்கியப் பணி.

வெளியூரில் வேலைக்குப் போனவர்கள் ஆபீசையும் வீட்டையும் மட்டும் அறிந்து, அந்த ஊர்ப் பாட்டையும் பேச்சையும் எட்டத்திலேயே வைத்துக்கொண்டு நாளைக் கழித்துவிடலாம். காஃப்மனுக்கும் அது முடிந்திருக்கும். வியாழக்கிழமைக் கச்சேரியும் கிளப்பும் அவருக்குப் போதுமானவையாக இருந்திருக்கும். புரியாத ஒன்றைக் கேட்டபோது குறை தம் காதில்தான் என்று அவர் நினைத்ததால், புகலிடம் தந்த நாட்டுக்கு ஒரு சிவரஞ்சனியும், தென்னாட்டுச் சங்கீதத்துக்கு ஒரு புத்தகமும் கிடைத்தன.